டென்னிஸ் வீரரின் நூலில் வாசகர் எதைத் தேடுகிறார்?

மும்பையின் பாண்டுப் மேற்கில், எல்.பி.எஸ். சாலையிலிருந்து மலைச்சரிவை நோக்கி ஏறும் சந்துகளில் டென்னிஸ் பந்து விற்காத கடை அபூர்வம். டென்னிஸ் மட்டை இருக்கும் வீடு அதைவிட அபூர்வம். அந்தப் பந்து இங்கே கிரிக்கெட்டுக்கு உரியது. மும்பையில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஒரு தனி ஆட்டம். அதற்கென்று அணிகள் உண்டு, கோப்பைகள் உண்டு, விளக்கு வெளிச்சத்தில் இரவெல்லாம் நடக்கும் பந்தயங்களும் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்து இங்கேயே நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அந்தப் பந்தோடுதான் வளர்கிறார்கள். டென்னிஸ் கோர்ட்டுகள் பெரும்பாலும் உறுப்பினர் அட்டை கேட்கும் ஜிம்கானா வாசல்களுக்கு உள்ளே இருக்கின்றன.

கோர்ட் எட்டாத இடத்துக்கும் புத்தகம் எட்டிவிடுகிறது. ரயிலேறி மாட்டுங்காவில் இறங்கி நடந்தால், கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். விளையாட்டு வீரர்களின் தன்வரலாறுகளுக்கு அங்கே நல்ல கிராக்கி உண்டு. ஆந்த்ரே அகாசியின் 'ஓப்பன்' அடிக்கடி கண்ணில் படும். வாழ்நாளில் ஒருமுறைகூட மட்டை பிடிக்காதவர்கள் அதை வாங்கிப் படிக்கிறார்கள். படித்துவிட்டு உறுதியான கருத்தும் சொல்கிறார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. சமையல் தெரிந்தவர்தான் சாப்பாட்டின் ருசியைச் சொல்ல வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. ஆனால் அந்தக் கருத்துகளைத் தொடர்ந்து கேட்டு வருகையில் ஒரு கேள்வி எழுகிறது. ஒரு சாம்பியனின் நூலை நல்ல நூல் என்றோ மோசமான நூல் என்றோ நாம் எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறோம்?

நாம் வாக்குமூலத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டோம் என்பது என் கணிப்பு. எவ்வளவு மறைத்து வைத்திருந்தார், அதில் எவ்வளவைத் திறந்து காட்டினார் என்பதே மதிப்பெண்ணாகிவிட்டது. ஒரு குறிப்பிட்ட நூலுக்கு அந்த அளவுகோல் பொருந்தியது. அதையே எல்லா நூல்களின் மேலும் வைத்ததால் நம்முடைய சொந்த வீரர்களின் நூல்களைக் குறைத்து எடைபோட்டுவிட்டோம். அதைவிடப் பெரிய இழப்பு, கேட்க வேண்டிய கேள்விகளையும் கேட்காமல் விட்டுவிட்டோம்.

அந்தக் குறிப்பிட்ட நூல் 'ஓப்பன்'. 2009 நவம்பரில் வெளிவந்தது. எட்டு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்றவர், 1996 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், தனக்கு டென்னிஸ் என்றாலே வெறுப்பு என்று எழுதினார். அவருடைய தந்தை மைக் அகாசி 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் ஈரானுக்காகக் குத்துச்சண்டை போட்டவர். லாஸ் வேகாஸ் வீட்டுக் கொல்லையில் பந்து எறியும் இயந்திரத்தை நிறுத்தி, சிறுவனை நாளுக்கு 2,500 பந்துகள் அடிக்க வைத்த கதை அந்த நூலில் வருகிறது. 1990 பிரெஞ்சு ஓப்பன் இறுதிப் போட்டியில் தலையிலிருந்த பொய்முடி கழன்று விழுந்துவிடுமோ என்ற பயத்தோடு ஆடியது வருகிறது. 1997இல் போதைப்பொருள் உட்கொண்டு, சோதனையில் சிக்கி, தெரியாமல் நடந்தது என்று பொய்க் கடிதம் எழுதித் தப்பித்ததும் வருகிறது.

வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். விளையாட்டு உலகத்திலிருந்தே கடுமையான குரல்கள் எழுந்தன. பட்டங்களைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்றார் மராத் சாஃபின். போதைப்பொருளைவிட அந்தப் பொய்தான் தன்னை அதிர வைத்தது என்றார் மார்ட்டினா நவரத்திலோவா. மறுபக்கம், இலக்கிய வாசகர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். விளையாட்டு நூல்களைத் தொடவே தொடாதவர்களும் அதைப் பரிந்துரைத்தார்கள்.

அந்த நூலை எழுத்தாக்கியவர் ஜே. ஆர். மோரிங்கர். 2000ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்ற பத்திரிகையாளர். அவருடைய நினைவுக் குறிப்பு நூலை 2006இல், தன் கடைசி அமெரிக்க ஓப்பன் நாட்களில் படித்த அகாசி, அவரைத் தேடிப் பிடித்தார். அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்று மோரிங்கர் சொல்லிவிட்டார். நன்றியுரையில் அகாசி அதை வெளிப்படையாகச் சொல்கிறார். பின்னாளில் நைக் நிறுவனர் ஃபில் நைட்டின் நூலும், இளவரசர் ஹாரியின் நூலும் இதே கைக்கு வந்தன. "அப்படியானால் இது அகாசியின் நூலா, மோரிங்கரின் நூலா?" என்று கேட்கும் வாசகர்கள் உண்டு. அது நேர்மையான கேள்வி. என் பதில்: அனுபவம் ஒருவருடையது, வடிவம் மற்றவருடையது, வாசகர் இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். 'ஓப்பன்' நமக்குத் தரும் மூச்சுத் திணறலில் பெரும்பங்கு வடிவத்துக்கு உரியது. நிகழ்காலத்தில் நகரும் சிறு வாக்கியங்களும், அத்தியாயம் முடியும் இடத்தில் விழும் அடியும் ஒரு தேர்ந்த நாவலாசிரியரின் வேலைகள். அவற்றை அகாசியின் மனம் திறந்த தருணங்கள் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது.

அந்த நூலின் மிகச் சிறந்த பகுதி எது என்று என்னைக் கேட்டால் பொய்முடியையோ போதையையோ சொல்ல மாட்டேன். 1994இல் பிராட் கில்பர்ட் பயிற்சியாளராக வந்து சேரும் பகுதியைச் சொல்வேன். ஒவ்வொரு பந்திலும் வெற்றி அடியைத் தேடிக்கொண்டிருந்த ஆட்டக்காரனிடம், முழுமையை விட்டுவிடு, எதிரில் நிற்பவனைவிடச் சற்றே நன்றாக ஆடினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தவர் கில்பர்ட். அதே ஆண்டு போட்டித் தரவரிசையில் இடம்பெறாமலே அமெரிக்க ஓப்பனை அகாசி வென்றார். ஒரு யோசனை எப்படி ஒரு கையின் வீச்சாக மாறுகிறது என்பதை அங்கே பார்க்கிறோம். நூலைப் பற்றிப் பேசுகிறவர்களில் மிகச் சிலரே இதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வாசகருக்கு இதில் ஆர்வமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிற்காலத்தில் ஒரு காணொலி நேர்காணலில் போரிஸ் பெக்கரைப் பற்றி அகாசி ஒரு செய்தி சொன்னார். சர்வீஸ் போடுவதற்கு முன் பெக்கர் நாக்கை வெளியே நீட்டுவார். அது எங்கே நீள்கிறது என்பதை வைத்தே பந்து வரும் பக்கம் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடித்தது சிரமமாக இல்லை, கண்டுபிடித்துவிட்டேன் என்று பெக்கருக்குத் தெரியாமல் காப்பதுதான் சிரமமாக இருந்தது என்றார் அகாசி. முக்கியமான புள்ளிகளில் மட்டும் அதைப் பயன்படுத்தினாராம். முதலில் பெக்கரிடம் தொடர்ந்து தோற்றவர், இருவரும் மோதிய 14 ஆட்டங்களில் பத்தை வென்று முடித்தார். இந்தச் சிறு துண்டு உலகம் முழுக்கப் பரவியது. டென்னிஸ் தெரியாதவர்களும் அதைப் பார்த்து வியந்தார்கள். ஆட்டத்தின் உள்வேலையைக் காட்டினால் வாசகர் கண் அகலாமல் பார்ப்பார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

ஆட்டத்தின் உள்ளே பார்க்கத் துடிக்கும் இந்த ஏக்கத்தைப் பற்றி ஒரு வாசகர் எழுதியதில் மிக ஆழமானது டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் மதிப்புரை. அமெரிக்க எழுத்தாளரான வாலஸ் இளவயதில் இல்லினாய் மாநிலப் பகுதியில் நன்றாக டென்னிஸ் ஆடியவர். ட்ரேசி ஆஸ்டின் அவருடைய வயதுக்காரர். இருவரும் 1962இல் பிறந்தவர்கள். 1979இல், 16 வயதில், கிறிஸ் எவர்ட்டை வென்று அமெரிக்க ஓப்பன் பட்டம் வாங்கிய ஆஸ்டினை, தன்னால் முடியாததைச் செய்துகாட்டிய சம வயதுப் பெண்ணாக வாலஸ் பார்த்தார். 1992இல் ஆஸ்டினின் 'பியாண்ட் சென்டர் கோர்ட்' வெளிவந்ததும் ஆசையோடு படித்தார், ஏமாந்துபோனார். தேய்ந்த சொற்கள், எல்லாருக்கும் நன்றி, எவர்மேலும் குறையில்லை. பிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றுக்கு அவர் எழுதிய மதிப்புரை பின்னர் அவருடைய கட்டுரைத் தொகுதியிலும் இடம்பெற்றது.

வாலஸ் வெறும் ஏமாற்றத்தோடு நிற்கவில்லை. பல்லாயிரம் பேர் பார்க்கும் புள்ளியில் சர்வீஸ் போடும்போது அந்த மேதையின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று நாம் கேட்கிறோம். ஒருவேளை ஒன்றுமே ஓடவில்லை என்பதுதான் உண்மையான பதிலோ என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்கிறார். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நேரத்தில் ஆயிரம் எண்ணம் வரும், கை நடுங்கும். சாம்பியனுக்கு வருவதில்லை. அப்படி வராமல் இருப்பதே அவருடைய வரம் என்றால், அதைச் சொல்லத் தெரியாமல் போவதும் அந்த வரத்தின் மறுபக்கம். பார்க்கிற நமக்குச் சொல் உண்டு, ஆட்டம் இல்லை. அவருக்கு ஆட்டம் உண்டு, சொல் இல்லை.

அழகான வாதம். ஆனால் முழுக்க ஏற்க முடியவில்லை. சொல்ல முடியாதது என்று வாலஸ் கைவிட்ட இடத்தில், அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சொல்லிக்காட்டியிருக்கிறார். ஜான் மெக்ஃபீயின் 'லெவல்ஸ் ஆஃப் தி கேம்' 1969இல் வெளிவந்த சிறு நூல். 1968 அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் ஆர்தர் ஆஷும் கிளார்க் கிராப்னரும் மோதிய ஒரே ஓர் ஆட்டம்தான் நூல் முழுக்க. மெக்ஃபீ அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவைத் தேடிப் பெற்று, இரு வீரர்களிடமும் தனித்தனியாகப் போட்டுக் காட்டி, இந்தப் பந்தின்போது என்ன நினைத்தாய், இங்கே ஏன் வலையை நோக்கி ஓடினாய் என்று கேட்டார். மனம் காலியாக இருந்தவர்களாக அவர்கள் பதில் சொல்லவில்லை. ஆஷுக்கு கிராப்னரின் ஆட்டம் அவருடைய குணமாகவே தெரிந்தது, கிராப்னருக்கும் அப்படியே.

ஆஷின் தந்தை ரிச்மண்ட் நகரில் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பூங்காவின் காவல் பணியாளர். வீடு பூங்காவுக்குள்ளேயே இருந்தது, கோர்ட் வாசலிலேயே இருந்தது. பிறகு ஆஷைப் பயிற்றுவித்தவர் லிஞ்ச்பர்க்கைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் வால்டர் ஜான்சன். தன்னிடம் பயின்ற கறுப்பினப் பிள்ளைகளுக்கு அவர் விதித்த கட்டளைகளில் ஒன்று, கோட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே விழும் பந்தையும் உள்ளே விழுந்ததாகவே எண்ணி ஆட வேண்டும் என்பது. வெள்ளையரின் போட்டிகளில் தகராறு ஒன்று எழுந்தால் அந்தப் பிள்ளையை வெளியேற்ற அதுவே போதும். ஆக, அமைதியானவர் என்று உலகம் புகழ்ந்த ஆஷின் கோர்ட் நடத்தையில் இனவெறியின் வரலாறும் அடங்கியிருந்தது. ஆட்டத்தை உன்னிப்பாகச் சொன்னால் வாழ்க்கை தானாகவே அதற்குள் வந்துவிடுகிறது. நான் தேடும் அளவுகோல் இதுதான்.

அந்த அரையிறுதியை வென்ற ஆஷ் இறுதியில் டாம் ஒக்கரையும் வென்றார். அப்போது அவர் ராணுவ லெப்டினன்ட், அமெச்சூர் வீரர். அமெச்சூர் பரிசுப் பணம் வாங்கக் கூடாது என்பதால் 14,000 டாலர் பரிசுத் தொகை தோற்ற ஒக்கருக்குப் போனது. இந்த விவரம் நம்மூர்க் கதைக்கு வாசல் திறக்கிறது.

ராமநாதன் கிருஷ்ணன் 1937இல் நாகர்கோவிலில் பிறந்தவர். தந்தை டி. கே. ராமநாதனே ஆட்டக்காரர், அவரே ஆசான். 1951இல், பள்ளி மாணவனாக இருக்கும்போதே, கல்லூரி மாணவர்களுக்கான பெர்ட்ராம் போட்டியில் ஆட லயோலா கல்லூரி முதல்வரிடம் சிறப்பு அனுமதி வாங்கி, அதை வென்றும் காட்டினார். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள் அவர். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் முறை நீல் ஃப்ரேசரிடம் தோற்றார், அடுத்த முறை ராட் லேவரிடம். இருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். 1961இல் காலிறுதியில் ராய் எமர்சனை வீழ்த்தியிருந்தார். 1962இல் விம்பிள்டனில் அவருக்கு நான்காம் தரவரிசை கொடுத்தார்கள். காயத்தால் பாதியில் விலக வேண்டியதாயிற்று. மகன் ரமேஷ் 1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் இரண்டிலும் இளையோர் பட்டம் பெற்றார். விம்பிள்டனில் ஒருமுறையும் அமெரிக்க ஓப்பனில் இருமுறையும் காலிறுதிவரை போனார்.

இந்தக் குடும்பத்தின் நூல் 'எ டச் ஆஃப் டென்னிஸ்'. தந்தையும் மகனும், 'தி இந்து' நாளிதழின் விளையாட்டு எழுத்தாளர் நிர்மல் சேகரும் சேர்ந்து எழுதியது. பெங்குயின் இந்தியா 1999இல் வெளியிட்டது. மூன்று தலைமுறையின் கதை. அகாசியைப் படித்த கையோடு இதை எடுக்கும் வாசகர்கள் ஏறக்குறைய ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: ரொம்ப மரியாதையாக இருக்கிறது, ரகசியமே இல்லை, தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரு சண்டைகூடக் கிடையாதா?

இந்தக் குறையை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். தந்தையே ஆசானாக இருக்கும் வீட்டில் பிள்ளையின் மூச்சு எப்படி இருந்திருக்கும் என்று கேட்பது நியாயம். அகாசியின் வீட்டிலும் கிருஷ்ணன் வீட்டிலும் அமைப்பு ஒன்றுதான். ஒன்றிலிருந்து வெறுப்பு பிறந்தது, மற்றொன்றிலிருந்து பிள்ளை தன் பிள்ளைப் பருவத்தைப் பகையில்லாமல் பேசும் அமைதி பிறந்தது. வெறுப்பை உண்மை என்றும் அமைதியை மூடிமறைப்பு என்றும் முன்கூட்டியே தீர்மானித்துப் படிப்பதைத்தான் நான் மறுக்கிறேன். தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் மனக்குறையை ஊர் கேட்கச் சொல்வதில்லை. சொல்லாததாலேயே அது பொய்யாகிவிடாது.

இந்தக் குடும்பத்தின் அடக்கம் அவர்களுடைய மட்டையிலும் இருந்தது. தந்தை மகன் இருவருக்குமே சர்வீஸ் வலுவானதல்ல. ரமேஷின் இரண்டாவது சர்வீஸைப் பார்த்து எதிராளிகள் நம்பமுடியாமல் நின்றதுண்டு. ஆனால் பந்து எழும்பும்போதே எடுத்து, எதிராளியின் வேகத்தையே அவனுக்குத் திருப்பிக் கொடுத்து, அவன் நகரத் தொடங்கிய திசைக்கு மறுபக்கம் வைப்பார்கள். 1989 ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில், உலகின் முதல்நிலை வீரரும் நடப்புச் சாம்பியனுமான மாட்ஸ் விலாண்டரை ரமேஷ் நேர் செட்களில் வென்றது அப்படித்தான். பலம் குறைந்தவன் பலசாலியின் பலத்தைக்கொண்டே ஆடும் இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ளப் படித்தால் அந்த நூல் வேறொன்றாகத் தெரியும். வீட்டுச் சண்டையைத் தேடிப் படித்தால் வெறுங்கையோடு திரும்புவோம்.

1966 டிசம்பரை எடுத்துக்கொள்ளலாம். கல்கத்தா சவுத் கிளப். டேவிஸ் கோப்பையில் பிரேசிலோடு மோதிய இந்தியா 2-2 என்ற சமநிலையில் நிற்கிறது. கடைசி ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தாமஸ் கோக்குக்கும். கிருஷ்ணன் ஒரு செட் பின்தங்கியிருக்கிறார். நான்காம் செட்டிலும் 2-5. இன்னும் ஒரே ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. அங்கிருந்து அந்த செட்டை 7-5 என்றும், ஐந்தாவதை 6-2 என்றும் வென்று இந்தியாவை முதன்முறையாக இறுதிச் சுற்றான சேலஞ்ச் ரவுண்டுக்குக் கொண்டுபோனார். மெல்பர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. நமக்குக் கிடைத்த ஒரு புள்ளி கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப்-ரோச் இணையை இரட்டையரில் வென்றது. அந்த 2-5க்குப் பிறகு கிருஷ்ணன் எதை மாற்றினார்? அதிகமாக முன்னேறி வந்தாரா, பந்தை இன்னும் மெதுவாக்கினாரா, கோக்கின் கையில் எங்கே தயக்கம் தெரிந்தது? மெக்ஃபீ ஆஷிடம் கேட்டதைப் போல இந்த நான்கைந்து கேம்களை மட்டும் வைத்து அவரிடம் ஒரு முழு நூலுக்குக் கேட்டிருக்கலாம். நாம் அந்த நூலைக் கேட்கவே இல்லை. வாசகர் கேட்காததை எழுத்தாளர் எழுதுவதில்லை.

பணத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். 1959இல் ஜாக் கிரேமர் தன் தொழில்முறைக் குழுவில் சேரச் சொல்லிப் பெரும் தொகைக்கு ஒப்பந்தம் நீட்டினார். கிருஷ்ணன் மறுத்தார். தொழில்முறை வீரர்களுக்கு அன்று அங்கே இடமில்லை என்பதால், சேர்ந்திருந்தால் விம்பிள்டன் இல்லை, டேவிஸ் கோப்பை இல்லை. ஆட்டம் முடிந்த காலத்தில் அவர் சென்னையில் சமையல் எரிவாயு விநியோக முகமை நடத்தினார். உலகின் தலைசிறந்த நால்வரில் ஒருவராக மதிக்கப்பட்டவரின் பிழைப்பு அது. ஆலைச் சங்கு கேட்டு எழுந்த குடும்பங்களின் பாண்டுப் வாசகருக்கு இதைவிட நெருக்கமான செய்தி ஒரு டென்னிஸ் நூலில் இருக்க முடியாது. ஆனால் நாம் பொய்முடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த தலைமுறை வீரர் விஜய் அமிர்தராஜின் தன்வரலாறு 1990இல் வெளிவந்தது. உடன் எழுதியவர் பிரிட்டிஷ் டென்னிஸ் எழுத்தாளர் ரிச்சர்ட் எவன்ஸ். 2024இல் நியூபோர்ட்டிலுள்ள சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் அமிர்தராஜும் எவன்ஸும் லியாண்டர் பயஸோடு சேர்ந்தே இடம்பெற்றார்கள். விஜயின் கதையில் வாசகர்களைக் கவர்வது அவர் நடித்த ஜேம்ஸ் பாண்ட் படமும் ஹாலிவுட்டும். என்னைப் பொறுத்தவரை அவருடைய தலைமுறையின் மிகப் பெரிய நிகழ்வு ஆடப்படாத ஓர் ஆட்டம். 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்த இந்தியா, நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவோடு ஆட மறுத்து, கோப்பையை விட்டுக்கொடுத்தது. வென்றிருக்கக்கூடிய வாய்ப்பு. அரசின் முடிவு சரியானது. ஆனால் இருபது வயது இளைஞர் ஒருவர் அந்தச் சரியான முடிவின் விலையை எப்படிச் சுமந்தார் என்பதைக் கேட்கும் வாசகர்தான் விஜயின் வாழ்க்கையை முழுதாகப் படிக்கிறவர்.

பெண் எழுதினால் வாசிப்பின் அளவுகோல் இன்னும் கோணலாகிவிடுகிறது. சானியா மிர்சா பிறந்தது மும்பையில். அவருடைய 'ஏஸ் அகைன்ஸ்ட் ஆட்ஸ்' 2016இல் வந்தபோது அவர் இரட்டையர் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். நூலை ஒட்டிய தொலைக்காட்சி நேர்காணலில் ஒரு மூத்த செய்தியாளர், தாய்மையைப் பற்றியும் குடும்பமாக நிலைபெறுவதைப் பற்றியும் நூலில் ஏன் இல்லை என்ற தொனியில் கேட்டார். உலகின் முதல் ஆட்டக்காரியாக இருப்பது நிலைபெறுவது ஆகாதா என்று சானியா திருப்பிக் கேட்டார்; ஓர் ஆணிடம் இதைக் கேட்டிருக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு செய்தியாளர் மன்னிப்புக் கேட்டார். அவர் ஒருவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாவாடையின் நீளம், மதத் தலைவர்களின் கண்டனம், திருமணம் இவற்றுக்காகவே அந்த நூலைப் புரட்டியவர்கள் ஏராளம். அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு ஒற்றையர் ஆட்டத்தை விட்டு, இரட்டையருக்கு ஏற்றபடி தன் ஆட்டத்தையே மாற்றி அமைத்து, தன் ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களில் பெரும்பாலானவற்றை வென்ற மூளையைப் பற்றி யார் பேசினார்கள்? அவருடைய முன்கை அடியில் இருந்த ஆபத்தை எதிராளிகள் பேசிய அளவுக்குக்கூட நம் வாசகர்கள் பேசவில்லை.

ரகசியத்துக்குப் பதில் எதைக் கேட்பது என்று இப்போது சொல்லலாம். முதல் கேள்வி, ஆட்டம் எங்கே? வீரர் ஒரு பந்தையாவது எனக்குப் புரியும்படி விளக்கினாரா? இதைச் செய்த நூல் நம்மிடம் இல்லாமலில்லை. விஸ்வநாதன் ஆனந்த் 2019இல் சூசன் நைனனோடு எழுதிய 'மைண்ட் மாஸ்டர்' சதுரங்கம் தெரியாதவருக்கும் ஒரு தயாரிப்பு எப்படி நடக்கிறது என்று காட்டுகிறது. டென்னிஸ் நூல்களிடமும் அதைக் கேட்கலாம்.

இரண்டாவது கேள்வி, வாசலைத் திறந்தவர் யார்? இந்தியாவில் டென்னிஸ் கிளப் என்பது வெள்ளையர் காலத்தில் உண்டான இடம். உள்ளே ஆடியவர் ஒரு வகுப்பு; பந்து பொறுக்கியவரும், கோர்ட்டைப் பெருக்கிக் கோடு போட்டவரும் வேறு வகுப்பு. உறுப்பினர்களோடு பந்தடித்துப் பழக்கிவிடும் மார்க்கர்கள் பலர் பந்து பொறுக்கும் பையன்களாக வந்தவர்களே. ஒரு சாம்பியனின் கைக்கு எத்தனையோ ஆயிரம் பந்துகள் இந்த மார்க்கர்களின் மட்டையிலிருந்து வந்திருக்கும். தன்வரலாறுகளில் அவர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. ஆஷின் தந்தை பூங்காக் காவலர் என்பதை மெக்ஃபீ கதையின் நடுவில் வைத்தார். நம் நூல்களில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. 1963 நவம்பரில் கிருஷ்ணனும் முகர்ஜியும் இருந்த இந்திய அணி பம்பாயிலேயே அமெரிக்காவோடு டேவிஸ் கோப்பை மண்டலங்களுக்கு இடையிலான இறுதியில் ஆடி 5-0 என்று தோற்றது. அந்த நாட்களில் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், எந்த மொழி பேசியவர்கள் என்று எந்தச் சாம்பியனின் நூலும் நமக்குச் சொல்லப்போவதில்லை. நாம்தான் போய்க் கேட்டு எழுத வேண்டும்.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் தனிப் பொறுப்பும் வசதியும் உண்டு என்று நினைக்கிறேன். இந்நகரின் கிளப் கோர்ட்டுகள் இன்றும் சர்வதேசப் போட்டிகளை நடத்துகின்றன. 2017இல் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் நடந்த மும்பை ஓப்பனை வென்ற அரினா சபலென்கா பின்னர் உலகின் முதல்நிலை வீராங்கனை ஆனார். அதே கோர்ட்டைப் பராமரிப்பவர்களும், பந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளும் நம் ரயிலில்தான் வந்து போகிறார்கள். நாடகம், பட்டிமன்றம், இலக்கியக் கூட்டம் என்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாண்டுப்பிலும் இத்தனை காலமாகத் தமிழ் வாழ்ந்திருக்கிறது. விளையாட்டைப் பற்றிய கூர்மையான தமிழ் உரைநடை மட்டும் அந்த அளவுக்கு வளரவில்லை. பட்டம், தேதி, ஸ்கோர் ஆகியவற்றோடு நிற்கும் செய்தி எழுத்து உண்டு. ஓர் அடியை வாக்கியத்தில் காட்டும் எழுத்து குறைவு.

'ஓப்பன்' படித்தவர்கள் அடுத்து 'எ டச் ஆஃப் டென்னிஸ்' நூலைத் தேடிப் பிடியுங்கள். ரமேஷ் விலாண்டரை வென்ற ஆட்டத்தின் காட்சிகள் கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வேகமில்லாத அந்தக் கை ஏன் வென்றது என்று விளங்கும்வரை நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எழுதுகிறவர்கள் தங்கள் ஊர்க் கிளப்பில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு முதிய மார்க்கரிடம் போய் உட்கார்ந்து, சாம்பியன் சிறுவனாக இருந்தபோது எந்தப் பந்தைத் தவறவிட்டான் என்று கேட்டு எழுதுங்கள்.